எங்கள் நர்ஸை டாக்டராக்கியவர்கள்

முதலில் அவளுக்குப் பெயரே கிடையாது. சென்னையிலிருந்து எனக்கு வந்த டிவி தொடரின் காட்சிப் பிரதியில் ‘சிஸ்டர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வருவாள். “டாக்டர், பேஷண்ட்டுக்கு நினைவு வந்துடுச்சு” என்பாள். கதாநாயகனான டாக்டர் திரும்பிப் பார்ப்பார். அதையே மூன்று கோணத்தில் காட்டுவார்கள். அதற்குள் அவள் வெளியே போயிருப்பாள். அந்த ட்ரேயில் என்ன இருக்கிறது என்று உதவி இயக்குநரிடம் ஒருமுறை கேட்டேன்.

“பஞ்சு, மேடம்.”

“பஞ்சு மட்டும்தானா?”

கொஞ்சம் யோசித்தார். “நிறைய பஞ்சு” என்றார்.

நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவள். வானொலிக்குச் சில நாடகங்கள் எழுதியிருந்தேன். அதை யாரோ யாரிடமோ சொல்லி, தூத்துக்குடியில் நடக்கிற ஆஸ்பத்திரிக் கதைக்கு ‘அந்த ஊர்த் தமிழ்’ எழுத ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். கதையும் காட்சிகளும் சென்னையில் தயாராகி வரும். நான் வசனத்தை ஊர்ப் பேச்சுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். நான் வருவதற்கு முன் எடுத்திருந்ததைப் பார்த்தேன். எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு ‘லே’ ஒட்டியிருந்தது. அவர்கள் கண்டுபிடித்த தூத்துக்குடித் தமிழ் அவ்வளவுதான். கதாநாயகன் தன்னைப் பெற்ற தாயைப் பார்த்து “ஏலே அம்மா, சாப்ட்டியாலே” என்று கேட்டான். அந்த அம்மாவும் பாசமாகத் தலையை ஆட்டினாள். எங்கள் பக்கம் யாராவது பெற்றவளிடம் அப்படிப் பேசினால் சோற்றுத் தட்டு பறந்து வரும்.

கதை ஒரு பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றியது என்று சொன்னார்கள். உண்மையில் அது ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றியது. பெரிய டாக்டர், அவருடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். எம்.டி. நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் அவர்கள் நோய். அதை ஏதாவது ஒரு கட்டிலைச் சுற்றி நின்று பேச வேண்டியிருப்பதால் நோயாளிகள் வந்து படுத்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும், வளைந்த தென்னை மரங்களோடு. அது கேரளத்துக் கடல். எங்கள் கரையில் உப்பளமும் உடைமரமும் நிலக்கரிக் கிடங்கும்தான் உண்டு. அது ‘ரிச்சா’ இல்லையாம்.

நர்ஸாக நடித்தவள் தருமபுரிப் பக்கத்துப் பெண். கதாநாயகனின் தோள் உயரத்துக்குச் சரியாக இருந்ததால் எடுத்தார்கள். வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இறுக்கித் தைத்த வெள்ளை உடுப்பும், இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் வைத்துக்கொள்ளாத ஒரு தொப்பியும் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒருநாள் என் எண்ணைக் கேட்டு வாங்கி போன் செய்தாள்.

“மேடம், இந்தப் பொண்ணு எந்த ஊரு? வீட்ல யார் யார் இருக்காங்க?”

“எந்தப் பொண்ணு?”

“நான்தான் மேடம். ட்ரே எடுத்துட்டு வர்ற சிஸ்டர். வீட்ல என்ன நெலமைன்னு தெரிஞ்சா நடந்து வர்றதே வேற மாதிரி இருக்கும்ல?”

அந்தத் தொடரில் வேலை பார்த்த காலம் முழுவதும் புத்தியுள்ள ஒரு கேள்வியை யாராவது கேட்டார்கள் என்றால் அது இது ஒன்றுதான். நான் உடனே அவளுக்குத் திருச்செந்தூர் பக்கம், மாதா கோயில் உள்ள ஒரு மீனவ ஊரைக் கொடுத்தேன். ஆலந்தலை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் ஏலத்தில் நின்று குரல் கட்டிப்போனவள். மகளை நாசரேத் பக்கம் நர்ஸிங் படிக்க வைத்தார்கள். எங்கள் கடற்கரையில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற ஒரு பெயரையும் வைத்தேன். இதெல்லாம் எந்தக் காட்சியிலும் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு வசனம் நுழைத்தேன். அண்ணனும் தம்பியும் வராந்தாவில் நின்று பங்குக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் அவள் குனிந்து, “சாப்ட்டியளாம்மா? கேன்டீன் மூடிருவான். போயிட்டு வாங்க, நான் இங்கனதான் நிக்கேன்” என்பாள். கதாநாயகனும் அதே சட்டகத்தில் நின்றதால் எடிட்டரால் வெட்ட முடியவில்லை. ஜனங்கள் அண்ணன் தம்பியை விட்டுவிட்டுப் பின்னால் பார்க்க ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே ஒரு அண்ணாச்சி, “அந்த நர்ஸ் பிள்ளை நல்லாப் பேசுதா” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வதைக் கேட்டேன். எழுதியவள் இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

எனக்கு ஓர் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். சாத்தான்குளத்தில் எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு வாத்திச்சி வேலை, இல்லையென்றால் நர்ஸ் வேலை. அப்பா எனக்கு முதலாவதையும் அவளுக்கு இரண்டாவதையும் ஒதுக்கினார். தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். டூட்டி முடிந்து வந்ததும் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் காபியோடு என் தொடரைப் பார்ப்பாள். ரசித்துப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். திட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று பார்த்தாள்.

“ஏளா, இந்தப் பிள்ளை எப்பம் வீட்டுக்குப் போவா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எதுக்கு?”

“டாக்டர் காலையில வாரான், இவ நிக்கா. சாயந்தரம் வாரான், இவதான் நிக்கா. மாத்திவிட வேற ஒருத்தி கிடையாதா? குளிக்க வேண்டாமா, துணி துவைக்க வேண்டாமா? கொத்தடிமையாளா அவ?”

நியாயமாகப் பட்டது. டூட்டி முடிவதை ஒரு காட்சியாக எழுதி அனுப்பினேன். அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைக்கிறாள். முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொள்கிறாள். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கிறாள். உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. சென்னையிலிருந்து போன் வந்தது.

“மேடம், இதுல என்ன நடக்குது?”

“டூட்டி முடியுது.”

“அது சரி. என்ன நடக்குது?”

அவர்கள் உலகத்தில் பஸ்ஸில் தூங்குகிறவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த பஸ்ஸை யாராவது எரித்தால்தான் நடந்ததாகக் கணக்கு.

இதற்கிடையில் அவள் பேர் வாங்குகிறாள் என்று சேனல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கஷ்ட காலம் அன்றுதான் தொடங்கியது. ‘கிரியேட்டிவ் ஹெட்’ என்று ஒரு பையனை வைத்திருந்தார்கள். வீடியோ காலில் அவன் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு செடி இருக்கும். அந்த வீடியோ கால்களில் அந்தச் செடி ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. “கேரக்டர் நல்லா டெவலப் ஆகுது மேடம். இனிமே நாங்க பாத்துக்கறோம்” என்றான்.

பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவளுக்குக் காதல் வந்தது, கல்யாணமான கதாநாயகன் மேல். அவனுடைய மனைவி குளுக்கோஸ் பாட்டிலில் விஷம் கலந்தாள். பழி இவள் மேல் விழுந்தது. பழி நீங்குவதற்காக முழங்கால் போட்டுக் கோயிலைச் சுற்றினாள். ஆலந்தலைக்காரிக்குக் கோயில் என்றால் மாதா கோயில் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நம்ம ஸ்பான்சருக்கு அது செட் ஆகாது” என்றான் அந்தப் பையன். பிறகு படியில் உருண்டு ஞாபகத்தை இழந்தாள். ஞாபகம் போனபிறகும் உடுப்பும் தொப்பியும் மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். இத்தனையும் நடந்த மாதங்களில் அவள் கை ஒரு நோயாளி மேல் பட்டதை நான் பார்க்கவில்லை. வளர்ச்சி என்று இதற்குத்தான் பெயர் வைத்திருந்தார்கள். நான் நுழைத்த வசனங்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அப்புறம் படப்பிடிப்பே தூத்துக்குடிக்கு வந்தது. துறைமுகத்தில் கிரேன் சரிந்து பலர் சாகிற மாதிரி ஒரு பெரிய காட்சி. கிரேனைக் கம்ப்யூட்டரில் சரித்துக்கொள்வார்கள். செத்தவர்களுக்கு மட்டும் ஆள் வேண்டும். மூடிக் கிடந்த ஒரு பழைய கிளினிக்கை வாடகைக்குப் பிடித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். பேச்சைத் திருத்துவதற்காக என்னையும் தினமும் வரச் சொன்னார்கள்.

ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். நிஜ நர்ஸிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆசை. அக்கா அதற்கு மசியவில்லை.

“இன்னைக்கு எனக்கு லீவும்மா. ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காத” என்றாள். “அந்த ஹீரோக்காரனுக்கு முடி சொந்தமா, ஒட்டுனதா? அதச் சொல்லு.”

அந்தப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. ஒட்டியதுதான் என்று சொன்னாள். இரண்டு பேரும் சாயங்காலம் வரை சேலைத் துணியைப் பற்றியும், எந்த நடிகை எந்த மருமகளோடு பேசமாட்டாள் என்பதைப் பற்றியும் பேசினார்கள். போகும்போது அந்தப் பெண், “அக்கா மாதிரியே லீவு நாளுன்னா லீவா இருக்கணும் மேடம்” என்றாள்.

கிரேன் காட்சியை அடுத்த நாள் எடுத்தார்கள். வராந்தா முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, முகத்தில் சிவப்பு அப்பி, வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அதில் ஒரு வயதான அம்மாள்தான் முக்கியமான பிணம். ஞாபகம் இழந்த நர்ஸுக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் திரும்பி வர வேண்டும். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். தூத்துக்குடி வெயிலில், விளக்குகளுக்குக் கீழே, துணிக்குள்ளே அந்த அம்மாள் படுத்தே கிடந்தாள். கதாநாயகன் தன் அழுகையில் திருப்தி அடையாமல் திரும்பத் திரும்ப அழுதுகொண்டிருந்தான்.

ஒத்திகையின்போதே அந்தப் பெண் குனிந்து, “அம்மா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டதைப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

“விடியக்கால சுகர் மாத்திரை போட்டுட்டு வந்தேன் தாயி. ஷாட் முடிஞ்சாத்தான் டிபனுன்னு சொல்லுதாவ” என்றாள் அந்த அம்மாள்.

அதற்குள் ‘ஸ்டார்ட்’ என்று கத்திவிட்டார்கள். மறுபடி கதாநாயகன் அழுதான். மறுபடி. இயக்குநர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, “பொணம் வேர்க்குது. டச்சப்!” என்றார். மேக்கப்காரர் ஓடி வந்து பிணத்தின் நெற்றியைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வேர்த்தது. திரும்பவும் துடைத்தார்.

அந்தப் பெண் அந்த அம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை சில்லென்று நடுங்கியது. கூப்பிட்டால் குழறலாக ஏதோ சொன்னாள். “நிறுத்துங்க! இவங்களுக்கு என்னமோ ஆகுது!” என்று கத்தினாள். “ரியாக்‌ஷன் சூப்பர், கன்டினியூ பண்ணும்மா” என்றார் இயக்குநர். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக அரை டஜன் டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் கன்டினியூட்டி போய்விடும். அவளே தொப்பியைக் கழற்றிக் கேமரா முன்னால் எறிந்தாள். அதற்குப் பிறகுதான் கட் சொன்னார்கள்.

அவள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டாம். வீட்டில் பார்த்த பழக்கம். டீ போடுகிறவரிடமிருந்து சர்க்கரையை வாங்கித் தண்ணீரில் கலக்கி, அந்த அம்மாளை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். நான் ஆட்டோ பிடித்தேன். மூன்று பேருமாகப் பக்கத்துத் தெருவில் இருந்த நிஜ ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே அந்த அம்மாளுக்குத் தெளிந்தது. தெளிந்ததும் முதலில் கேட்டது, “என்னைய மாத்திருவாவளோ? டிவியில வாரேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டனே” என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “எங்கப்பாவுக்கு ஊசி போட்ட இடம் வீங்கிருக்கு, நீங்க ஒருக்கா வந்து பாருங்க சிஸ்டர்” என்று இழுத்தார். தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார் மனிதர். காஷுவாலிட்டியில் ஒரு சிறு வயது நர்ஸ் இருந்தாள். அந்த அம்மாளைக் கட்டிலில் ஏற்றி, விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“எல்லாரும் வெளிய நில்லுங்க. யூனிஃபார்ம் போட்டிருக்கியளே, நீங்களும்தான்.”

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றோம். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. “அவங்க என்னை யாருன்னுகூடப் பாக்கல மேடம்” என்றாள். இத்தனை மாதத்தில் கிடைத்த மரியாதையெல்லாம் ஒரு பக்கம், இந்த விரட்டல் ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போல.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலமே வீடு திரும்பிவிட்டாள். அவளுக்குப் பதிலாக வேறொரு பிணத்தைப் போட்டுக் காட்சியை முடித்துக்கொண்டார்கள். இயக்குநர் அந்தப் பெண்ணோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் நேரத்தைக் கெடுத்துவிட்டாளாம்.

கதை இங்கே முடிந்திருந்தால்கூட நான் அவர்களை மன்னித்திருப்பேன். நடந்ததை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். கிரியேட்டிவ் ஹெட் பையனின் கைக்கு அது போனது. மறு வாரமே சோக இசையோடு, ‘நிஜத்திலும் ஒரு தேவதை’ என்று விளம்பரமாக ஓடியது. பிணத்துக்குப் பவுடர் போட்டது மட்டும் அதில் இல்லை. ஊரெல்லாம் உருகியது. உருகியவுடன் மறுபடி வீடியோ கால்.

“மேடம், ஆடியன்ஸ் அவங்களை எங்கேயோ வெச்சுட்டாங்க. இனிமே வெறும் நர்ஸா வெச்சிருக்க முடியாது. மேல கொண்டு போகணும்.”

“கொண்டு போங்க.”

“ஒரு ட்விஸ்ட் யோசிச்சிருக்கோம். அவங்க உண்மையிலேயே நர்ஸ் இல்ல. டாக்டர்! கோல்டு மெடலிஸ்ட். ஒரு சபதத்துக்காகப் படிப்பை மறைச்சு வேலை பாக்கறாங்க. பெரிய டாக்டரோட தொலைஞ்சுபோன பொண்ணும் அவங்கதான்.”

நான் அவளுக்குக் கொடுத்திருந்த, ஆலந்தலையில் கடலுக்குப் போகிற அப்பனையும், குரல் கட்டிப்போன அம்மையையும் ஒரே வரியில் அழித்துவிட்டான்.

“நர்ஸா இருந்துகிட்டே அவ மேல போக முடியாதா?” என்றேன்.

“எங்க மேடம், ஹெட் நர்ஸாவா? அது ஏஜ்டு கேரக்டர்.”

“ஒரு உயிரைக் காப்பாத்துனது நர்ஸ் உடுப்புல இருந்தவதானே? அதுக்காகத்தானே ஊரு கொண்டாடுது?”

“அதான் மேடம். அவ்வளவு நல்லவங்க எப்படி வெறும் நர்ஸா இருக்க முடியும்னு ஆடியன்ஸ் கேப்பாங்க.”

இவ்வளவையும் சிரித்த முகத்தோடு சொன்னான். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் பாராட்டுவதாக நினைத்துப் பேசினான். அந்த வசனத்தை என்னால் எழுத முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆள் பார்க்க அவர்களுக்கு ஒரு மத்தியானம்தான் ஆனது.

அந்தப் பெண் போன் செய்தாள். ஒப்பந்தம் இருப்பதால் அவளால் விட்டுவிட்டு வர முடியாது. “வெள்ளைக் கோட்டு குடுத்துட்டாங்க மேடம். எங்கம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் கைய எங்க வெக்கிறதுன்னே தெரியல” என்றாள். கோட்டுப் பையில் வைத்துக்கொள் என்றேன். டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த எபிசோடு ஓடியபோது நானும் அக்காவும் சேர்ந்து பார்த்தோம். இடி இடித்தது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இவ நர்ஸ் இல்ல... டாக்டர்!” என்று யாரோ கத்தினார்கள். எதிர் வீட்டில் கைதட்டும் சத்தம் கேட்டது. அக்கா ரிமோட்டை எடுத்து மீன்பிடிப்பு வானிலை அறிக்கையை வைத்தாள். மறு நாள் வார்டில் ஒரு நோயாளியின் மகள் அவளிடம் இரக்கத்தோடு கேட்டாளாம், “நீங்களும் டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே சிஸ்டர், முடியலியா?”

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“மூத்திரப் பை நிறைஞ்சிருக்கு, தள்ளி நில்லும்மான்னேன்.”

தொடர் அதற்குப் பிறகும் ஓடி, ஒரு கூட்டுக் கல்யாணத்தில் முடிந்தது. அதன் பிறகு சாத்தான்குளத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் எங்கள் பெரியப்பா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஊரில் அவர் படிப்புக்கு அவ்வளவு மதிப்பு. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் கதையைத் தவறாமப் பாத்தேன். ஒரு நர்ஸுக்கு எவ்வளவு பெரிய மரியாதை வாங்கிக் குடுத்துட்ட! கடைசியில டாக்டராவே ஆக்கிட்டியே!”

“அதை நான் எழுதல பெரியப்பா. அதுக்கு முன்னாலயே விட்டுட்டேன்.”

“அதனால என்ன? நீ போட்ட விதைதான?” என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, அக்காவிடம் பாசமாகக் கேட்டார்: “ஏளா, பாத்தியா, உங்க ஆளுவளுக்கெல்லாம் பெருமைதான?”

அக்கா வாயில் பிரியாணி இருந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கில் சோறு ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பெரியப்பாவும் கூடவே சிரித்தார். அவளுக்கு அவ்வளவு பெருமை என்று நினைத்துக்கொண்டார்.